ஒரு மீட்டரும் நான்கு விரலும்

லிலியானா போனில் கேட்டது ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு தலைகீழாகும் என்று வியாழக்கிழமை யாராவது சொல்லியிருந்தால் பிரென்டா சிரித்திருப்பாள்.

"டீச்சர், சுரங்க வாசல்ல போர்டு வைக்கப் போறோம். வெளிநாட்டுக்காரங்க பணம். அதனால இங்கிலீஷ்லயும் வேணும். ரெண்டே வரி. நீங்கதானே எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தீங்க, உங்களை விட்டா யாரு?"

"நான் சொல்லிக் கொடுத்து நீ கத்துக்கிட்டிருந்தா எனக்கு எதுக்கு போன் பண்றே?"

லிலியானா சிரித்தாள். நகராட்சியில் கலாசாரப் பிரிவு அவள் கையில். பிரிவு என்றால் அவளும் ஒரு மேஜையும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அடுத்தவள் நோட்டை எட்டிப் பார்க்கும் பிள்ளை. இப்போதும் அதே வழக்கம்.

முதல் வரி இதுதான்: அந்தக் காலத்தில் இங்கே கைதிகள் செம்பு வெட்டினார்கள். எங்கள் அல்பேனிய மொழியில் காலம் என்றால் காலம்தான். மழை பெய்தாலும் அதே சொல், ஆட்சி மாறினாலும் அதே சொல், கிழவர்கள் பெருமூச்சு விட்டாலும் அதே சொல். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். எந்தக் காலம், எவ்வளவு நீளம், யாருடையது என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறான்.

"பீரியட்னு போட்டுடுங்களேன் டீச்சர். தலைவருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. யாரையும் குத்தாது."

"யோசிச்சுச் சொல்றேன்."

"ஞாயிறு சாயங்காலம் அனுப்பணும். திங்கள் காலைல அச்சுக்குப் போகுது."

எங்கள் ஊர் ஷ்கெம்ப்பில் அக்டோபர் கடைசி என்றால் மழையும் கஷ்கொட்டையும்தான். மலைச்சரிவில் நனைந்த இலைகளுக்குள் முள்ளுக்காய்கள் வெடித்துக் கிடக்கும். ஊரே சாக்கோடு போய்க் குனிந்து பொறுக்கும். வீட்டுக்கு வீடு பின்கட்டில் திராட்சைச் சக்கை கொதித்து ராக்கிச் சாராயம் சொட்டுச் சொட்டாக இறங்கும். கம்யூனிஸ்ட் ஆட்சி போனதோடு சுரங்கமும் மூடி முப்பது வருஷமாகிறது. மேலே, காற்றடிக்கும் மேட்டில், கூரையில்லாத கட்டடங்கள் நிற்கின்றன. ஆடு மேய்க்கிறவன் மழைக்கு ஒதுங்க அங்கே போவான். நாங்கள் யாரும் போவதில்லை. போகாததற்குக் காரணம் கேட்டால் பாதை சரியில்லை என்போம்.

பிரென்டா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். புருஷன் பேர் லேஷ். நகரத்துக்கும் ஊருக்கும் மினிபஸ் ஓட்டுகிறான். மாமியார் போய் ஒன்பது வருஷமாயிற்று. மாமனார் பாஷ்க்குக்கு எண்பத்தொன்று. இன்னும் ஏணி வைத்துக் கொடிப்பந்தலில் ஏறுகிற மனுஷர். அவர் ஒரு காலத்தில் அந்தச் சுரங்கத்தில் அளவுக்காரராக இருந்தவர். கைதிகள் ஒரு ஷிஃப்டில் எவ்வளவு தூரம் குடைந்தார்கள் என்று கோல் வைத்து அளந்து சொல்வது அவர் வேலை. இதை அவர் மறைத்ததே இல்லை. ஊரில் அவருக்கு நல்ல பெயர். சிகரெட் பாஷ்க் என்றால் தெரியாதவர் கிடையாது. காவலர் பார்க்காத நேரம் கைதிகளுக்கு சிகரெட் நீட்டுவாராம். அதற்கே வேலை போயிருக்கும், உயிர்கூடப் போயிருக்கும் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பிரென்டா அந்தச் சொல் விவகாரத்தை எடுத்தாள்.

"ஏஜ்னு போட்டா கல்லாயுதக் காலம் மாதிரி இருக்கு," என்றாள். "யாரையும் பிடிச்சுக் கேள்வி கேக்க முடியாத அளவுக்கு நீளம். எபோக்னு ஒண்ணு இருக்கு. அது கழுத்துல டை கட்டினவன் சொல்ற சொல்லு. 'ஈரா'ன்னு சொன்னா ஒரு பெரிய ஆளு வந்தான், இருந்தான், போனான். எல்லாப் பழியும் அவனோட சவப்பெட்டியிலயே போயிடும்."

"அந்த லிலியானா சொல்றது?" லேஷ் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான்.

"பீரியட். மணி அடிச்சா தொடங்கும், மணி அடிச்சா முடியும். பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு வெளியே ஓடிடலாம்."

"அதையே போடு டீச்சரம்மா. ஒரு சொல்லுக்கு மூணு நாளா? எனக்கெல்லாம் மூணு கியர் மாத்தறதுக்குள்ள முடிவு எடுத்தாகணும்."

"நீ முடிவு எடுத்ததாலதான் போன மாசம் வண்டி ஓடையில நின்னுச்சு."

லேஷ் இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தான். பிரென்டா மாமனாரைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க மாமா. அங்க இருந்தவர் நீங்கதான். அந்தக் காலத்தை எப்படிச் சொல்வீங்க?"

பாஷ்க் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பழைய காலம். வேற என்ன? மழை பெய்ஞ்சுது, பனி பெய்ஞ்சுது, போயிடுச்சு."

"நீங்க எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க?"

"பதினோரு வருஷம், நாலு மாசம்." உடனே சொன்னார். பிறகு, "குழம்புல உப்பு தூக்கல்," என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. பிரென்டா அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசானவர்களுக்கு நாக்கு ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை ராத்திரி படுக்கப் போகும்போது பீரியட் என்றே முடிவு செய்துவிட்டாள். சுத்தமான சொல். யாரோடும் சண்டையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லேஷ் வண்டியில் ஒரு விருந்தாளியோடு வந்தான். பேர் காஸ்பர். எழுபத்து மூன்று வயது, ஒல்லி, தோள் ஒரு பக்கம் சரிந்தவர். ஷ்கோத்ரா நகரத்தில் இருக்கிறார். முன்னாள் கைதிகள் சார்பில் போர்டு வாசகத்தைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி லிலியானாதான் அனுப்பியிருந்தாள். வழியெல்லாம் லேஷ் பேசிக்கொண்டே வந்திருக்கிறான். அவன் வாய் எப்போது சும்மா இருந்தது.

"பிரென்டா, இவருக்கு நம்ம அப்பாவைத் தெரியுமாம். ஏழு வருஷம் அந்தச் சுரங்கத்துல இருந்திருக்கார்."

"சிகரெட் பாஷ்க்கை யாருக்குத் தெரியாது," என்றார் காஸ்பர். "இன்னும் இருக்கானா? எங்கே?"

"கஷ்கொட்டை பொறுக்கப் போயிருக்கார் பெரியப்பா. வந்துடுவார். உக்காருங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல புரெக். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"அதுக்குத்தான் பல்லைத் தீட்டிட்டு வந்திருக்கேன்," என்றார் அவர். வாயைத் திறந்து காட்டினார். நாலைந்து பல்தான் இருந்தது. பிரென்டாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

காபி குடித்துக்கொண்டே அவள் எழுதி வைத்திருந்ததை வாசித்து, சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொன்னாள். பீரியட் என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"இது எவ்வளவு நீளம் மகளே?"

"எவ்வளவும் இருக்கலாம். ஒரு மணி நேரமும் அதுதான், நூறு வருஷமும் அதுதான்."

"நீதிபதி எனக்குக் கொடுத்தாரே பத்து வருஷம், அதுக்கு என்ன சொல்வாங்க?"

"அது டெர்ம்."

"நான் இருந்தது ஏழு. மூணு வருஷத்தை எதுக்கோ மன்னிச்சு விட்டாங்க." அவர் காபிக் கோப்பையைச் சுழற்றினார். "உள்ள இருந்தப்போ வருஷமெல்லாம் கணக்குல வராது. வருஷத்தை நினைச்சா பைத்தியம் பிடிச்சிடும். ஷிஃப்ட்தான். எட்டு மணி நேரம். இதை முடி, வெளிய வா, சூப்பைக் குடி. அளவு குறைஞ்சுதுன்னா அப்படியே இன்னொரு ஷிஃப்ட், இல்லேன்னா கம்பம்."

"கம்பமா?"

"வெளிய முற்றத்துல ஒரு கம்பம். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்திருப்பாங்க, அதுல ஒருத்தன் திரும்ப உள்ள போவான், ஒருத்தனைக் கட்டுவாங்க. யாருன்னு நாங்களே சொல்லணும்." இதையும் அவர் பேருந்து நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். "நீ வேலையைப் பாரு, மாவு காய்ஞ்சிடப் போகுது."

பிரென்டா மாவுருண்டைகளை மேஜையில் பரப்பினாள். புரெக்குக்குள் வைக்கிற வெங்காயத்தாளும் பாலாடைக்கட்டியும் வதங்கின வாசனை அடுக்களை முழுக்க இருந்தது. அடுப்புச் சட்டத்தில் சாய்த்திருந்த தேய்ப்புக்கோலை எடுத்தாள். அது மற்ற வீடுகளில் இருப்பதைவிட நீளம். பீச் மரம், விரல் பருமன், கண்ணாடி மாதிரி வழவழப்பு. மேஜைக்கு இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கோலால்தான் அவள் புரெக்குக்கு ஊரில் பேர். தாள் தாளாக, மறுபக்கம் ஜன்னல் தெரிகிற மெல்லிசாகத் தேய்ப்பாள். சுரங்கம் மூடினபோது மாமனார் கொண்டுவந்த மரம் என்று மாமியார் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நடுவில் ஒரு சுட்ட கோடு இருக்கும். மாவு அதுவரைக்கும் வந்தால் சின்னத் தட்டு, தாண்டினால் பெரிய தட்டு. மாமியார் போட்ட அடையாளம் என்றுதான் பிரென்டா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

நாலாவது தாளைக் கோலில் சுற்றி விரிக்கும்போது காஸ்பர் பேசுவதை நிறுத்தியிருந்தார். அவள் கவனிக்கவில்லை. லேஷ்தான் பேசிக்கொண்டிருந்தான், டீசல் விலை, ரோடு, பாலம்.

"அந்தக் கோலை இப்படிக் கொடு மகளே."

"மாவா இருக்கு பெரியப்பா, கையெல்லாம் ஒட்டிக்கும்."

"கொடு."

வாங்கினார். சட்டைக் கையால் மாவைத் துடைத்தார். சுட்ட கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு கோலை மேஜையில் கிடத்தி, ஒரு முனையிலிருந்து சாண் வைத்துக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து சாண் முடிந்த இடத்தில் கையை நிறுத்தி, மிச்சத்தில் நான்கு விரலைச் சேர்த்துப் பதித்தார். விரல்கள் முனையோடு முனை சரியாகப் பொருந்தின.

"என் சாண் இருபது சென்டிமீட்டர்," என்றார். குரல் மாறியிருந்தது. "வெளிய வந்த அன்னைக்கே தையல்காரன்கிட்ட கையைக் கொடுத்து அளந்து பார்த்தேன். உங்ககிட்ட டேப் இருக்கா?"

லேஷ் சிரித்தான். "எதுக்கு பெரியப்பா, புரெக் அளந்து சாப்பிடவா?"

"டேப் எடுத்துட்டு வா," என்றாள் பிரென்டா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து அவளே வைத்துப் பார்த்தாள். நூற்று ஏழு. மறுபடி வைத்தாள். நூற்று ஏழு.

"இது மீட்டர் கோல்," என்றார் காஸ்பர். "நடுவுல சுட்டிருக்கே, அது அரை மீட்டர் அடையாளம்." "ஜோடிக்கு ஒரு ஷிஃப்டுக்கு ஒரு மீட்டர் குடையணும். அதுதான் அளவு. கார்பைடு விளக்கு வெளிச்சத்துல பாஷ்க் இந்தக் கோலைச் சுவத்துல வச்சுப் பார்ப்பான். நான் முன்னாடியே சாண் போட்டு வச்சிருப்பேன். அஞ்சு சாண். பாஷ்க், ஒரு மீட்டர் இருக்குப்பான்னு சொல்லுவேன். 'கோல் குறைச்சுக் காட்டுதே, உன் கை சின்னது காஸ்பர்' என்பான். ஏழு வருஷம் என் கை சின்னதுன்னே நம்பினேன்."

அடுப்பில் தகரத் தட்டு காய்ந்து லேசாகப் புகைந்தது. பிரென்டா கை முழுக்க மாவோடு நின்றாள். அந்தக் கோலை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிடித்திருப்பாள். கையை அங்கியில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

அப்போதுதான் பாஷ்க் உள்ளே வந்தார். தோளில் சாக்கு, தொப்பியில் மழைத்தண்ணீர். விருந்தாளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"காஸ்பர்தானே? டேய், காஸ்பர்! நீ இன்னும் சாகலையா?"

சாக்கை இறக்கிவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். காஸ்பர் எழுந்திருக்கவில்லை. பாஷ்க்கின் கண் மேஜைக்குப் போனது. கோலையும் டேப்பையும் பார்த்தது. விரித்த கை மெல்லத் தாழ்ந்தது.

"சிகரெட் கொடுப்பே," என்றார் காஸ்பர். "அதை நான் மறுக்கலை. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், என் பேரன்கிட்டகூட. பாஷ்க்னு ஒரு நல்லவன் இருந்தான்னு."

"உக்காரு, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

"நின்னு பேசு."

"நான் வெட்டின கோல் இல்லை அது. மேலிருந்து வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்."

"நீ வெட்டினேன்னு நான் சொல்லலை. தெரியுமா உனக்கு?"

பாஷ்க் தொப்பியைக் கழற்றினார். தண்ணீர் தரையில் சொட்டியது. லேஷ் தகப்பனை வைத்த கண் வாங்காமல் பார்த்தான். இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அந்த அடுக்களையில் இருந்த மூன்று பேரும் நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். பிரென்டா மனசுக்குள் கெஞ்சினாள். சொல்லுங்க மாமா, தெரியாதுன்னு சொல்லுங்க.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்," என்றார் பாஷ்க். "இவன் அம்மாவுக்கு மூணு மீட்டர் துணி வாங்கினேன். கோல் வீட்ல இருந்துச்சு. சும்மா வச்சுப் பார்த்தேன். குறைஞ்சுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு கோலையும் துணியையும் தூக்கிக்கிட்டு அவன்கிட்ட சண்டைக்குப் போனேன். வரிசையில நின்னவங்க முன்னாடி கத்தினேன். அவன் ஒண்ணும் பேசலை. இரும்பு மீட்டரை எடுத்து என் கோல் பக்கத்துல வச்சான். என்னைப் பார்த்தான். நான் துணியைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"முதல் வாரம்."

"சொல்லியிருந்தா மறுநாள் நானும் உன் பக்கத்துல நின்னு குடைஞ்சிருப்பேன் காஸ்பர். எனக்கு ரெண்டு குழந்தை. இவன் அம்மா வயித்துல."

"தோதாவுக்கும் ரெண்டு."

பாஷ்க் கையிலிருந்த தொப்பியைப் பிழிந்தார்.

"தோதா யாரு?" என்று கேட்டான் லேஷ்.

"என் ஜோடி," என்றார் காஸ்பர், அவனைப் பார்க்காமல். "பிப்ரவரி மாசம். அன்னைக்கு நான் ரெண்டு தடவை சாண் போட்டுப் பார்த்தேன். அஞ்சு சாண் முழுசா இருந்துச்சு. இவன் வந்து கோலை வச்சான், குறையுதுன்னான். எனக்கு இருமல். தோதாதான், 'நீ உள்ள போ, கம்பத்துக்கு நான் போறேன்'னான். நான் சரின்னேன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம்னு சொல்லலை." அவர் நான்கு விரலைச் சேர்த்து உயர்த்திக் காட்டினார். "இவ்வளவு பாறை. இவ்வளவுக்குத்தான். கம்பத்துலேர்ந்து அவிழ்த்தப்போ அவன் பனியில விறைச்சுச் செத்திருந்தான், கை மடங்கலை. அப்படியே கட்டின மாதிரியே இருந்துச்சு."

பிரென்டாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விருந்தாளி வந்தால் சாப்பாடு போட வேண்டும் என்பது மட்டும்தான் கைக்குத் தெரிந்திருந்தது. காலையில் முதல் ஈடாகச் சுட்டு வைத்திருந்த புரெக்கில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். ரொட்டியும் உப்பும் பக்கத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. எங்கள் மலையில் ஒரு வீட்டு ரொட்டியைத் தின்றவன் அந்த வீட்டோடு பகை பேச முடியாது. அவள் அந்தத் தட்டை வைத்ததே அவர் வாயைக் கட்டுவதுபோல ஆகிவிட்டது.

காஸ்பர் தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஷ்கோத்ராவிலிருந்து இரண்டரை மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்த மனுஷர். பிறகு முள்கரண்டியை எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில் நேராகத் திருப்பி வைத்தார்.

"உன் மேல ஒண்ணும் இல்லை மகளே. நல்ல வாசனை." எழுந்தார். "பாஷ்க், உன் வீட்டு ரொட்டியை நான் தின்னலை. பார்த்துக்க."

"இந்தக் கோலை எடுத்துட்டுப் போங்க பெரியப்பா," என்றாள் பிரென்டா. "என்னால இதை வீட்ல வச்சுக்க முடியாது."

"எனக்கு எதுக்கு? நான் ஏழு வருஷம் பார்த்தாச்சு."

லேஷ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். கதவு பக்கம் தகப்பனைக் கடக்கும்போது உடம்பைச் சுருக்கிக்கொண்டு போனான். வண்டி கிளம்பிச் சரிவில் இறங்குகிற சத்தம் நின்ற பிறகும் இரண்டு பேரும் அதே இடத்தில் இருந்தார்கள்.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. தேய்த்த நான்கு தாளும் மேஜையிலேயே காய்ந்து ஓரம் சுருண்டன. பாஷ்க் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஷ்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். கீறினதையே மறுபடி கீறினார். பிரென்டா எதிரில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தாள். இந்தக் கைதான் அவள் பிரசவத்துக்கு முழங்கால் பனியில் மருத்துவச்சியைக் கூட்டிவர வழி வெட்டியது. இந்த மனுஷரைத்தான் அவள் தன் சொந்தத் தகப்பனைவிட அதிகமாக நேசித்தாள். அது இப்போதும் மாறவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஐந்து மணிக்கு லிலியானா கூப்பிட்டாள்.

"டீச்சர், பார்த்தாரா அவர்? பீரியட்தானே? அனுப்பிடுங்க, அச்சாபீஸ்காரர் கேக்கறார்."

"அரைமணி நேரம் கொடு."

"ஒரு சொல்லுக்கு இன்னும் அரைமணியா?"

"கொடுன்னா கொடு."

போனை வைத்தாள். பாஷ்க் கத்தியைக் கீழே வைத்திருந்தார்.

"எழுதப் போறியா?"

"எழுதணும் மாமா."

"எழுது. வேண்டாங்கலை." அவர் கைகள் முழங்காலில் கிடந்தன. "கொஞ்ச காலம் பொறுக்கக் கூடாதாம்மா? எண்பத்தொண்ணு முடியப் போகுது. நான் போனப்புறம் எந்தச் சொல்லு வேணாலும் போடு. ரொம்ப நாளாகாது. ரோட்ல போறப்போ நாலு பேர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்றாங்க, நானும் என் தொப்பியைத் தொடறேன். அது இருக்கட்டும், நான் இருக்கறவரைக்கும்."

கொஞ்ச காலம். அதற்கும் இங்கிலீஷ்காரனிடம் நாலைந்து சொல் இருந்தன. வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். எல்லாமே நீளம் சொல்லாத சொற்கள். இழுத்தால் வருகிற சொற்கள். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அவர் இன்னும் எத்தனை குளிர்காலம் பார்க்கப் போகிறார்? போர்டில் பீரியட் என்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வருகிறவன் போட்டோ எடுத்துக்கொண்டு போவான். அவள் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட இருந்தாள். மேஜையில் காஸ்பரின் தட்டு அப்படியே இருந்தது. புரெக்கின் மேல் நெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தத் தோதா கம்பத்துல எவ்வளவு நேரம் நின்னார்?"

அவர் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தன் வேலைக்காலத்தைச் சொன்னாரே, அதே வேகம். நாற்பது வருஷத்துக்கு மேலாக நாக்கு நுனியிலேயே வைத்திருந்ததுபோல வந்தது.

"ஒரு ஷிஃப்ட்," என்றார்.

சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த வீட்டில் மாமியார் செத்த அன்றுகூட யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

பிரென்டா போனை எடுத்தாள். பீரியட்டை அழித்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்து மறுபடி அடித்தாள். பிறகு அவருக்குக் கேட்கும்படி எங்கள் மொழியில் வாசித்தாள்.

"'கைதிகள் இங்கே ஷிஃப்ட் ஷிஃப்டாகச் செம்பு வெட்டினார்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் ஒரு மீட்டரைவிட நான்கு விரல் நீளமான கோலால் அளக்கப்பட்டது.' அவ்வளவுதான் மாமா."

"என் பேரு?"

"போடலை. கோலையும் போர்டு பக்கத்துல மாட்டச் சொல்லப் போறேன். யாருதுன்னு கேட்டு வந்தா, நீங்களே சொல்லுங்க."

அவர் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரென்டா காத்திருந்தாள். வேண்டாம் என்றால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியாது. வெளியே மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது.

பாஷ்க் எழுந்தார். மேஜையில் கிடந்த கோலை எடுத்தார். அதில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினார், சுட்ட கோடு தெளிவாகத் தெரிகிறவரைக்கும். பிறகு அதைக் கதவோரம் சாய்த்து வைத்தார்.

"அனுப்பு," என்றார்.

அவள் அனுப்பினாள். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். பிறகு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறுந்தலையோடு ரோட்டுப் பக்கம் இறங்கினார்.